மாமி வீட்டு விலாசம்

எங்கள் வீட்டுக்கு வாக்காளர் அட்டை வருவதில்லை. தேர்தல் நெருங்கினால் நகரத்திலிருக்கும் மச்சாள், என் கணவரின் தமக்கை, தொலைபேசியில் கூப்பிட்டு, இரண்டு அட்டையும் வந்துவிட்டன, சாமித் தட்டில் வைத்திருக்கிறேன் என்று சொல்லுவார். நாங்கள் குடியிருப்பது உப்புவெளியில். எங்கள் பெயர்கள் குடியிருப்பது மச்சாள் வீட்டில்.

மகள் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் தொடக்குக் கழித்த கையோடு செய்த வேலை அது. நகரத்துப் பெரிய பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்ப்பதென்றால், தாய் தகப்பன் அந்தச் சுற்றாடலில் எத்தனை வருடமாக வாக்காளராகப் பதிந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். ஆகவே எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் பிள்ளைத்தாச்சியானால், எத்தனை மாதம் என்று கேட்ட வாயால் அடுத்துக் கேட்பது, பதிவை மாற்றியாயிற்றா என்பதைத்தான். சித்தப்பா, தமக்கை, கணவரோடு துறைமுகத்தில் வேலை செய்பவரின் மாமியார் என்று நகரத்தில் யாருடைய கூரையாவது ஒன்று அகப்பட்டுவிடும். அதை ஒரு களவு என்று ஒருவரும் நினைப்பதில்லை. தடுப்பூசி போடுவது மாதிரி, நல்ல தாய் நேரத்துக்குச் செய்து முடிக்கவேண்டிய காரியம். நானும் நேரத்துக்கே செய்தேன். செய்து முடித்த பிறகுதான் எதையும் சரியா பிழையா என்று யோசிக்கத் தொடங்குகிற ஆள் நான்.

அந்த விலாசம் மகளுக்கு உதவவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் பிறகு, நாங்கள் உண்மையில் அங்கே இருக்கிறோமா என்று பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். நான் முதல் நாளே எங்கள் உடுப்புகளைக் கொண்டுபோய் மச்சாளின் கொடியில் காயவிட்டு, மகளின் பல்துலக்கியைக் கிணற்றடிக் கோப்பைக்குள் போட்டு வைத்திருந்தேன். வந்தவர்களில் ஒரு ரீச்சர் குனிந்து, நீங்கள் எங்கே படுக்கிறனீங்கள் என்று மகளிடம் அன்பாகத்தான் கேட்டார். மகள் கையிலிருந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் எங்கட வீட்டில படுக்கிறனான். இது மாமி வீடு. இஞ்ச ஃபேன் சத்தம் போடும்."

மச்சாள்தான் முதலில் சிரித்தார். பிறகு ரீச்சரும் சிரித்தார். பட்டியல் போட்டபோது எங்கள் பெயர் இருக்கவில்லை.

அதனால் மகள் எங்கள் ஒழுங்கை முடிவிலிருக்கிற அரசாங்கப் பாடசாலைக்குப் போனாள். கால்கோள் விழாவன்று புதுப் பிள்ளைகளுக்கென்று மட்டையில் கிரீடம் வெட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகளை விடக் கிரீடம் கூடிப்போயிற்று. மிஞ்சியதை இரண்டாம் தரத்துப் பிள்ளைகளின் தலையில் வைத்துக் கதிரைகளை நிரப்பினார்கள். எல்லாரும் கை தட்டினோம். நான் கை தட்டிக்கொண்டே கதிரைகளை எண்ணினேன்.

இப்போது மகள் இரண்டாம் தரம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒரே அறை, ஒரே ரீச்சர். கரும்பலகையின் நடுவே வெண்கட்டியால் ஒரு கோடு. ரீச்சர் நல்லவர், குரல் மட்டும் அடைத்தே இருக்கும். ரீச்சரைப் பற்றி எனக்குக் குறையில்லை. எனக்குப் பிரச்சினை தண்ணீர். மோட்டர் வேலை செய்கிற நாளில்தான் தாங்கியில் தண்ணீர் ஏறும். இரண்டு மலசலகூடத்தில் ஒன்று பூட்டு. அதனால் மகள் பாடசாலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நான் காலையில் நிரப்பிக் கொடுக்கிற போத்தல் மத்தியானம் அப்படியே நிறைந்து வரும். மணி அடித்ததும் அவள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவாள். போன வருடம் சிறுநீரை அடக்கி அடக்கியே காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தோம். டொக்டர், பிள்ளைக்குத் தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார். நான் ஓம் என்றேன்.

அவள் ஓடுவதை ஒவ்வொரு நாளும் இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கிற அக்கா. கடற்கரைப் பக்கத்து விடுதிகளின் படுக்கை விரிப்புகளை எடுத்துத் தோய்த்து, காயவிட்டு, அயன் பண்ணிக் கொடுப்பது அவருடைய தொழில். ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் பெட்சீட் அக்கா. அவருடைய மகள் அதே பாடசாலையில் ஒன்பதாம் தரம். பிரதேச சபைத் தேர்தல் அறிவித்தபோது, எங்கள் வட்டாரத்தில் ஒரு சுயேட்சைக் குழுவில் அவர் தேர்தல் கேட்கப்போகிறார் என்று கதை வந்தது. பெண் ஒருத்தி தேவைப்பட்டிருக்கும், பிடித்துப் போட்டிருப்பார்கள் என்று என் கணவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று பின்னேரமே அவர் என் குசினி வாசலில் வந்து நின்றார். நான் பட்டதாரி, அரசாங்க நியமனம் வரும் என்று வீட்டில் இருக்கிறவள். துண்டுப்பிரசுரம் எழுதித் தரவேண்டும் என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்றார்.

ஆரம்பப் பிரிவை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பாடசாலையோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற கதை அப்போது பலமாக இருந்தது. முதலாம் தரத்தில் பிள்ளைகள் இன்னும் குறைந்தால் அது நடந்துவிடும் என்று அதிபரே ஒரு கூட்டத்தில் சொல்லியிருந்தார். நான் மகளைப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்து, ஒரு பக்கம் நிறைய எழுதினேன். கல்வியே எமது கண் என்று தொடங்கியிருந்தேன். ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்புவோம், புதிய கட்டடம் அமைப்போம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

அக்கா அடுத்த நாள் அயன் மேசையில் வைத்து அதை வாசித்தார். கண்ணை எடுத்துவிட்டார். கட்டடத்தை எடுத்துவிட்டார். ஆசிரியர் வெற்றிடத்துக்கு வந்தபோது நான், அதையாவது விடுங்கள் அக்கா என்றேன்.

"அது சபையின்ர கையில இல்லைத் தங்கச்சி. இல்லாததைச் சொல்லிப்போட்டு நாளைக்கு உங்கட முகத்தில நான் முழிக்க ஏலாது. தண்ணி பவுசர் சபையிட்ட இருக்கு. அதை எழுதுங்கோ."

மிஞ்சியது சின்னதாக இருந்தது. பாடசாலைக்குத் தண்ணீர் பவுசர், சபையின் தாங்கி லொறி, கிழமைக்கு இரண்டு முறை வரவேண்டும். முன்னால் இருக்கிற வாய்க்காலை மழைக்கு முன் வெட்டவேண்டும். ஒழுங்கை முகப்பில் விளக்கு. சபையின் வருமானத்தில் வட்டாரத்துப் பாடசாலைக்கென்று வருடாவருடம் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்பேன், ஒதுக்காவிட்டால் வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தமாட்டேன். ஆரம்பப் பிரிவை மற்றப் பாடசாலையோடு சேர்ப்பதை நிறுத்தச் சொல்லிப் பெற்றோர் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகிற நாளில் நானும் கூட வந்து நிற்பேன். இவ்வளவுதான். ஒரு வேட்பாளர் இவ்வளவு குறைவாகச் சொல்வதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. பெரிய பொய் ஒன்று கேட்டுப் பழகிய காது, சின்ன உண்மையைக் கேட்டால் ஏமாந்துபோகிறது.

முதற் கூட்டம் அவருடைய வளவிலேயே நடந்தது. விடுதிக்காரருக்கு அடுத்த நாள் காலை விரிப்புகள் வேண்டும், கழற்ற நேரமில்லை. அதனால் வெள்ளை விரிப்புகள் கொடியில் ஆட, அதற்கு இடையே கதிரை போட்டு இருந்தோம். காற்று அடிக்கும்போது பேசுகிறவரின் முகம் மறையும். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் வயதுத் தாய்மார், மடியில் ஒன்று, கையில் ஒன்று. பின்னால் சில ஆண்கள் நின்றார்கள். அதில் ஒருவர், பிரதேச சபைக்குக் குப்பை அள்ளத்தானே தெரியும், பள்ளிக்கூடம் மாகாணத்தின் அலுவல் என்றார்.

"ஓம் அண்ணை, அதைத்தான் நானும் சொல்லுறன். பள்ளிக்கூடத்துக் குப்பையை முதல் அள்ளட்டும். தீபாவளிக்குக் கிடந்த குப்பை இன்னும் கிடக்கு" என்றார் அக்கா.

இன்னொருவன், இளம் பொடியன், இடுப்பில் கட்டியிருந்ததைக் காட்டி, வோட்டுப் போட்டால் எங்கட சாரத்தையும் தோய்ச்சுத் தருவீங்களோ அக்கா என்று கேட்டான். உன்ர சாரத்துக்கு என்ர மெசின் காணாது தம்பி, கடலில்தான் விடவேணும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் முடிய ஒவ்வொரு தாயும் அவருடைய கையைப் பிடித்து, எங்கட வோட்டு உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் வாக்கு இங்கே இல்லை என்பது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவேயில்லை. பதிவு என்பது என் மனதில் பள்ளிக்கூடத்து அலுவல், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு ஒரே உறைக்குள் இருக்கிற அலுவல். வாக்கு என்பது வேறு. மூன்று கிழமை, மகளுக்குப் பிறகு பிறந்த சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். மற்றவர்களிடம், சின்ன வாக்குறுதிதான், ஆனால் செய்யக்கூடியது என்று விளங்கப்படுத்தினேன். ஒரு வீட்டிலும் ஒருவரும் எங்களுக்கு இங்கே வாக்கில்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் நினைவு வரவில்லை என்றுதான் நம்புகிறேன்.

அக்காவின் தம்பி வட்டாரத்து வாக்காளர் இடாப்பை எடுத்து வந்த அன்றுதான் விளங்கியது. வாக்குச் சாவடியில் முகவராக இருக்கப்போகிறவர் அவர். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று அடையாளம் போட உட்கார்ந்தார். எங்கள் வீட்டு இலக்கத்துக்கு வந்தபோது, முன்பு வாடகைக்கு இருந்த கிழவரின் பெயர்தான் இருந்தது. அவர் இறந்துவிட்டார். பக்கத்து வீட்டில் மாமனும் மாமியும் மட்டும், மருமகளும் மகனும் இல்லை. அதற்கடுத்த வீடும் அப்படி. அக்கா ஒரு தலையணை உறையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்கட வோட்டு டவுனில" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமோ?"

"இப்ப தெரிஞ்சுது. கூட்டத்துக்கு வந்த பெட்டையள் அரைவாசிப் பேருக்கு இஞ்ச வோட்டு இல்லைப் போல." உறையை மேசையில் வைத்துத் தட்டினார். "பிள்ளையள் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக முதலே வோட்டெல்லாம் போயிட்டுது."

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. கைதட்டத் தெரியுது, இது தெரியாதோ என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். அக்கா அவரை அடக்கினார். தன்னுடைய மூத்த மகன் நகரத்தில் படித்ததைச் சொன்னார். எப்படிப் படித்தான் என்று நினைக்கிறாய், அண்ணனின் விலாசத்தில்தானே என்றார். பிறகு மகளுக்கும் அதே விலாசத்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. மகளை ஒழுங்கை முடிவுப் பாடசாலையில் விட்ட பிறகுதான் வாக்கையும் இங்கே கொண்டு வந்தாராம். இதைச் சொன்னபோது அவர் வெட்கப்படவுமில்லை, எனக்கு ஆறுதல் சொல்லவுமில்லை. அடுத்த உறையை எடுத்தார்.

அதன் பிறகும் துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். ஆனால் நடை மாறிப்போயிற்று. படலையைத் திறக்கும்போதே, இந்த வீட்டில் வாக்கு இருக்குமா என்று மனம் கணக்குப் பார்த்தது. இருக்கிற வீட்டில் பெரும்பாலும் வயதானவர்கள், அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பற்றிக் கவலை இல்லை. கோயில் வீதிக்குக் கொங்கிரீட் போடுவதாகச் சொன்ன வேட்பாளரைப் பற்றிக் கேட்டார்கள். கவலை இருக்கிற வீடுகளில் வாக்கு இல்லை.

தேர்தலன்று காலை பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கணவர் வேலை முடிந்து நேரே வந்தார். மச்சாள் சாமித் தட்டிலிருந்து அட்டைகளை எடுத்து, திருநீறு தட்டிக் கொடுத்தார். எங்களுக்கு வாக்குச் சாவடி அந்தப் பெரிய பாடசாலை. மகளை எடுக்காத அதே பாடசாலை. அதன் வாசலுக்குள் நான் அன்றுதான் இரண்டாம் முறையாகப் போனேன். வரிசையில் நிற்கும்போது மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சிறுநீர். அங்கே நின்ற ஒரு அம்மா மூலையைக் காட்டினார். கதவு உள்ள மலசலகூடங்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் வாளி நிறையத் தண்ணீர். வெளியே வந்தவள் குழாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பிறகு இரண்டு கையாலும் ஏந்தி, வயிறு நிறையும் வரை குடித்தாள்.

"அம்மா, இதுதானே எனக்குத் தராத பள்ளிக்கூடம்?"

ஓம் என்றேன். வாக்குச் சீட்டில் இருந்த பெயர்களில் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த வட்டாரத்துக்கு என்ன தேவை என்பதும் தெரியாது. மச்சாள் சொன்ன சின்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். சின்ன விரலில் மை. திரும்பி ஒழுங்கைக்குள் வரும்போது அந்தக் கையைச் சின்னவனின் முதுகுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். எங்கள் பாடசாலையிலும் வாக்களிப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் கூட்டம் இருக்கவில்லை.

அக்கா தோற்றுப்போனார். பெரிய தோல்வி அல்ல, அதுதான் கஷ்டம். எங்கள் ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலும் இருக்கிற தாய்மாரையும் அவர்களுடைய கணவன்மாரையும் கூட்டினால் அந்த இடைவெளி நிரம்பி மிஞ்சும். எல்லாரும் மனதுக்குள் கூட்டிப் பார்த்திருப்பார்கள். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வென்றவர் வீட்டில் வெடி கொளுத்தினார்கள். அடுத்த நாள் காலை அக்காவின் கொடியில் விரிப்புகள் வழக்கம்போல ஏறின.

இரண்டு மாதம் கழித்து விதானையார் வந்தார். கிராம உத்தியோகத்தரை இங்கே இன்னும் அப்படித்தான் சொல்லுவோம். வருடாவருடம் வாக்காளர் பதிவுக்கு வீடு வீடாக வருகிறவர். எங்கள் இரண்டு பேரின் பெயரும் நகரத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். தேத்தண்ணி குடித்துவிட்டு, அப்படியே விடுகிறேன் என்று போய்விடுவார். காலையில் வேலைக்குப் போகும்போது கணவரும் அதையே சொல்லியிருந்தார். சின்னவனுக்கு நேர்முகத் தேர்வு வர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, மகளுக்குத் தவறியது அவனுக்காவது கிடைக்கட்டும், அவனுக்கு மாமி வீட்டில்தான் படுக்கிறேன் என்று சொல்லப் பழக்கிவிடலாம் என்று சிரித்தார். நானும் சரி என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் நினைத்தேன்.

மகள் அந்த நேரம் ஓடி வந்தாள். சப்பாத்து கையில். விதானையாரின் கதிரையைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். மேசையில் வைத்துவிட்டுப் போன போத்தல் நிறைந்து இருந்தது. விதானையார் பேனையை எடுத்து, அப்ப அப்படியே விடுறதோ என்றார்.

"என்ர பேரை இஞ்ச போடுங்கோ" என்றேன்.

"புருசன்ர பேர்?"

"அது அங்கயே இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "பிள்ளை, வீட்டில பிரச்சினை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். புருசன் ஒரு விலாசம், பெண்சாதி ஒரு விலாசம் என்றால் ஆட்கள் வேறு மாதிரிக் கதைப்பார்கள் என்றார். கதைக்கட்டும் என்று சொல்லுகிற துணிச்சல் எனக்கு இல்லை. அவர் எழுதினார்.

கணவர் வந்து சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். ஒருவரின் பெயர் மட்டும் இருந்தால் சின்னவனுக்குப் புள்ளி குறையும் என்றார். தெரியும் என்றேன். அடுத்த பிரதேச சபைத் தேர்தல் வருகிறபோது அவனுடைய நேர்முகத் தேர்வு முடிந்தே போயிருக்கும், குறைந்த புள்ளி குறைந்ததுதான், இந்த வாக்கு அதற்குப் பிறகுதான் உதவும், அதையும் யோசித்தாயா என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அதை நான் யோசித்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது.

"அங்க எனக்கு வோட்டு இருக்கு, பிள்ளை இல்லை" என்றேன். "பிள்ளை இஞ்ச தண்ணி குடிக்காம இருக்கிறாள். அதை வோட்டு இல்லாத நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அவர் எழும்பினார். கை கழுவப் போனார். சண்டை இல்லை. சண்டை பிடிக்க இரண்டு பேருக்கும் உடம்பில் பெலன் இருக்கவில்லை.

அடுத்த நாள் மகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு வரும்போது அக்காவிடம் சொன்னேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்து விரிப்பில் குத்திவிட்டு, ஒன்றுதானா, அவருடையது இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அடுத்த முறை நான் நிப்பனோ தெரியாது தங்கச்சி. நிண்டா ஒரு வோட்டு நிச்சயம் எண்டு வைச்சுக்கொள்ளுறன்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், நன்றாக வரவில்லை. பிறகு, வருகிற வெள்ளிக்கிழமை வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறேன், வழியில் பவுசருக்கும் சபையில் ஒரு கடிதம் கொடுக்கவேண்டும், தோற்ற ஆளைத் தனியே கண்டால் வாசலிலேயே நிறுத்துவார்கள், வருகிறீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்று உடனே சொன்னேன். படலையடிக்கு வந்த பிறகுதான் வெள்ளிக்கிழமை சின்னவனுக்குக் கிளினிக்கில் ஊசி என்று நினைவு வந்தது. திரும்பிப் போய்ச் சொன்னேன்.

"அவனையும் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்றார் விரிப்புக்குப் பின்னால் இருந்து. "கிளினிக் போற வழியிலதானே கிடக்கு."